அண்ணாச்சி தலையில் மழை வாடை

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் பெண்டாட்டி முன்னால் தலை குனியாத ஞானதுரை, மூளையில் ஆபரேஷன் ஆன பிறகு தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து ஒழுங்காகக் குனிந்து நின்றார். புஷ்பலீலா அவருடைய உச்சந்தலையில் மூக்கை வைத்து நீளமாக ஒரு இழுப்பு இழுப்பாள். பிறகு "ஒண்ணுமில்ல" என்பாள். அவர் "சரி" என்று சட்டையை மாட்டிக்கொண்டு உப்பளத்துக்குக் கிளம்பிவிடுவார். பிள்ளைகளை உச்சி முகர்வது எல்லா ஊரிலும் உள்ளதுதான். நரைத்த தலையும் தொப்பையுமாக ஆறடி உயரத்தில் நிற்கிற ஒரு ஆளை உச்சி முகர்கிற வீடு முள்ளக்காட்டில் அது ஒன்றுதான். பால்காரர் ஒரு நாள் வாசல் வழியே பார்த்துவிட்டு, பாலைக்கூட அளக்காமல் போய்விட்டார்.

இந்தக் கூத்துக்குக் காரணம் மதுரையில் இருந்த டாக்டர் மெஹருன்னிசா. தலையில் கட்டுப் போட்டுக் கிடந்த ஞானதுரையின் படுக்கைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர்தான் விஷயத்தைச் சொன்னார்.

"கட்டிய முழுசா எடுத்தாச்சு. ஆனா ஒரு சங்கடம் இருக்கு. மூளையச் சுத்தி ஒரு தண்ணி ஓடுது. அதே தண்ணிதான் முதுகுத்தண்டுக்குள்ளயும் இறங்குது. கட்டியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத விதை ஒண்ணு அதுல விழுந்து, கீழ போய் ஒட்டிக்கிட்டுத் தூங்கலாம். பத்து வருஷம், பதினஞ்சு வருஷம்கூடத் தூங்கும். அப்புறம் ஒரு நாள் முதுகுல முளைக்கும்."

"பத்து வருசங் கழிச்சா? சொந்தக்காரன்கூட அம்புட்டு நாள் ஞாபகம் வச்சித் தேடி வரமாட்டானே," என்றார் ஞானதுரை.

"இது வரும். கடுகளவு இருக்கும்போதே பிடிச்சா எரிச்சிடலாம். பெருசாகி நரம்ப நசுக்கிட்டா கால் ரெண்டும் போயிடும். உயிருக்கும் உத்தரவாதம் இல்ல. அஞ்சு வருஷம் ஒழுங்கா ஸ்கேனுக்கு வருவீங்க. அப்புறம் நல்லாத்தானே இருக்கேன்னு நின்னுடுவீங்க. உங்களக் குத்தம் சொல்லல, நானே என் பல்லக் காட்டப் போகாம நாலு வருஷமா இழுத்தடிக்கறேன்."

ஆஸ்பத்திரிக்கு வராத ஆளுக்கு வீட்டிலேயே மணி அடிக்க ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். அந்த முதுகுத்தண்டு நீருக்குள் காவல் அணுக்களை விட்டுவிடுவார்கள். அவை பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். என்றைக்காவது கட்டியின் விதை கண்விழித்து வளர ஆரம்பித்தால், காவல் அணு அதைத் தொட்டதும் ஒரு வாசனையை உண்டாக்கும். அது ரத்தத்தில் கலந்து உச்சந்தலை வேர்வையில் வெளியே வரும். நோயாளியின் மூக்குக்கு அது பழகிப்போவதால் அவருக்குத் தெரியாது. வீட்டில் ஒருவர் தினமும் முகர்ந்து பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவருக்கு 'முகர்நர்' என்று பெயர் வைத்து ஒரு அட்டையும் கொடுத்தார்கள். அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யாரோ, அவருக்குப் பெண் கொடுத்தவர்கள் பாவம்.

"என்ன வாசனை வேணும்?" என்று மிட்டாய்க் கடையில் கேட்கிற மாதிரி டாக்டர் கேட்டார். "வீட்டுல வழக்கமா இல்லாத வாசனையா இருக்கணும்."

"மல்லியப்பூ?" என்றாள் புஷ்பலீலா.

"சர்ச்சுக்குப் போனா சுத்திலும் கொண்டைதான். எதக் கண்டோம்?" என்றார் ஞானதுரை.

"ஆரஞ்சு வச்சோம் ஒருத்தருக்கு. மருமக ஆரஞ்சு சோப்பு வாங்கிட்டு வந்துட்டா. ராத்திரியோட ராத்திரியா வேன் பிடிச்சுக் குடும்பமே இங்க வந்து அழுதது. மண்ணெண்ணெய் வச்சோம் இன்னொருத்தருக்கு. வாசனை வந்தப்போ, மச்சான் பயந்துபோய் ஒரு வாளித் தண்ணிய அவர் தலையில ஊத்திட்டார்," என்றார் டாக்டர். கொஞ்சம் யோசித்தார். "மண்வாசனைன்னு ஒண்ணு இருக்கு. மழை பெய்ஞ்சதும் வருமே, அது. ஒரு சொட்டக் குளத்துல கரைச்சாக்கூட மனுஷ மூக்கு பிடிச்சிடும். ஆனா எல்லாருக்கும் பிடிச்ச வாசனை. மோந்துட்டு ரசிச்சிட்டு இருந்துடுவாங்க. அதனால யாருக்கும் வைக்கறதில்ல."

"எனக்கு அத வைங்க," என்றார் ஞானதுரை.

"ஏன், உங்களுக்குப் பிடிக்காதா?"

"நான் உப்பளக்காரன் டாக்டர். ஊரே மழைக்கு ஜெபம் பண்ணும்போது நான் மட்டும் கண்ணத் தெறந்து வச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன். ஒரு மழ பெஞ்சா ஒரு மாசத்து உப்பு கரைஞ்சி ஓடிரும். அந்த வாடை வந்தாலே தார்ப்பாயத் தூக்கிட்டு ஓடுவேன். எங்க ஊர்ல அது வருசத்துக்கு நாலு நாளு வந்தாப் பெருசு."

முகர்நர் வேலைக்கு அப்போதே போட்டி இருந்தது. ஞானதுரையின் அக்கா ரத்னாபாய் வராந்தாவில் நின்றுகொண்டு, "எந்தம்பி தலைய சின்னப்புள்ளையிலருந்து மோந்து வளத்தவ நான். அவ தலைக்கு வந்தது என்னன்னு எனக்குத்தான் தெரியும்" என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சின் சூட்டில் தம்பி 'அவ' ஆகிப்போனதைக்கூட அவள் கவனிக்கவில்லை. புஷ்பலீலா நேராகப் போய் அந்த அட்டையை வாங்கி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு மயினி ரத்னாபாயும் அவளும் பேசுவது பேசினார்கள், ஆனால் மயினி வீட்டுக்கு வரும்போதெல்லாம் தம்பியின் தலைப் பக்கம் ஒரு பார்வை பார்க்காமல் போகமாட்டாள்.

வருஷங்கள் ஓடின. டாக்டர் சொன்ன மாதிரியே ஞானதுரை ஐந்து வருஷத்துக்கு மேல் மதுரைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மகள் கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்டாள். காலையில் அந்த ஒரு இழுப்பும் ஒரு "ஒண்ணுமில்ல"வும் மட்டும் நிற்கவே இல்லை.

பத்தாவது வருஷம் புஷ்பலீலாவுக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. காப்பி வெந்நீராகிவிட்டது. பால் பொங்குவதைச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கப் பழகினாள். தூத்துக்குடி டாக்டர், "நரம்பு போயிருக்கு, வந்தாலும் வரும், வராட்டியும் இல்ல" என்று ரொம்பத் தெளிவாகச் சொன்னார்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியாமலில்லை. சொன்னால் அட்டை மயினி கைக்குப் போகும், விடியற்காலையில் மயினி வந்து இவள் வீட்டு முற்றத்தில் நின்று இவள் புருஷன் தலையை முகருவாள். அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதற்கே வெட்கப்பட்டாள். ஞானதுரை கையைப் பிடிக்கிற ஆள் இல்லை, ஒரு நல்ல வார்த்தை சொல்கிற ஆள் இல்லை. சேலை எடுத்தால் "கிழியாம இருக்கா" என்று மட்டும் கேட்பவர். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஈரத் தலையோடு முன்னால் வந்து குனிந்து நிற்கிற அந்த ஒரு நிமிஷத்தை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. பத்து வருஷம் வராதது இனிமேலா வரப்போகிறது என்று தைரியம் சொல்லிக்கொண்டு, வாடை தெரியாத மூக்கை வைத்துத் தினமும் இழுத்து, தினமும் "ஒண்ணுமில்ல" என்று சொன்னாள். சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய், மூக்கைத் திரும்பக் கொடு ஆண்டவரே என்று கேட்பாள். ஆண்டவர் அதற்கு இரண்டு வருஷமாகப் பதில் சொல்லவில்லை.

அந்த இரண்டு வருஷத்தில் ஞானதுரையும் மாறித்தான் போனார். தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்திவிட்டார். ஒன்பது மணிக்கு முன்னால் அளத்துக்குப் போகாதவர், குளித்த ஈரம் காய்வதற்குள் கிளம்பிப் போனார். அளத்தில் வேலை பார்க்கிற பேச்சித்தாய் ஒரு தடவை வீட்டுக்கு வந்து முறையிட்டாள்.

"எக்கா, அண்ணாச்சிக்கு எங்க மேல என்ன சந்தேகம்? காலங்காத்தால வந்து, காத்து வார பக்கமா வரப்புல ஏறி நிக்காவ. பேசவும் மாட்டேங்காவ. எங்களையே பாத்துக்கிட்டு செலையாட்டம் நின்னுட்டு, பொறவு போயி டீக்குடிக்காவ. நாங்க வேலைய ஏய்க்கிறோமா?"

"வயசாகுதுல்லா, அப்படித்தான்," என்று புஷ்பலீலா அவளைச் சமாதானப்படுத்தி, கருப்பட்டி காப்பி போட்டுக் கொடுத்தாள். கருப்பட்டியில் எறும்பு செத்த வாடை அடித்ததைப் பேச்சித்தாய் மரியாதைக்குச் சொல்லவில்லை.

பங்குனி பிறந்தது. வானத்தில் மருந்துக்கும் மேகம் இல்லை. உப்பு நன்றாக விளைகிற காலம், பாத்திகள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. ஒரு புதன்கிழமை மதியம் சாப்பிட வந்த ஞானதுரை, கை கழுவும்போதே சிரித்தார். சாப்பாட்டுக்கு முன்னால் சிரிக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

"அளத்துல ஒரே கூத்துளா," என்றார்.

"என்ன கூத்து?"

"காலையில போயி வரப்புல நின்னேம்லா. கொஞ்ச நேரத்துல பேச்சித்தாய் உப்பு வாருத பலகையக் கீழ போட்டுட்டு, மழ வருது, உப்பு அம்பாரத்த மூடுங்கன்னு ஒரே சத்தம். அம்புட்டு பேரும் தார்ப்பாயத் தூக்கிட்டு ஓடுதாவ. வெயிலு மண்டையப் பொளக்கி. மூடி முடிச்சிட்டு எல்லாரும் இடுப்புல கைய வச்சிக்கிட்டு வானத்தப் பாக்காவ. வானம் அவங்களப் பாக்குது."

புஷ்பலீலா சிரித்துக்கொண்டே சோற்றைப் போட்டாள்.

"அதோட விட்டாளுவளா? நான் அடுத்த பாத்திக்குப் போனேன். அங்க உள்ளவளுவளும் ஓடுதாளுவ. லாரியில லோடு ஏத்துதவன்கிட்டப் போனேன். பாதி மூட்டையில நிப்பாட்டிட்டு, அண்ணாச்சி வாடை பலமா இருக்கு, நாளைக்கு ஏத்துவோங்கான். நேத்தும் இப்படித்தான். முந்தாநாளும் இப்படித்தான்."

புஷ்பலீலாவின் கை நின்றது. ரசக் கரண்டி தட்டுக்கு மேலேயே நின்றது.

"நீங்க போன எடத்துலல்லாமா?"

"ஆமா."

"நீங்க போகாத எடத்துல?"

"அங்க ஒருத்தரும் ஓடல," என்றார் ஞானதுரை. சிரிப்பு குறைந்துவிட்டது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

புஷ்பலீலா கரண்டியைக் கீழே வைத்தாள். அவர் முதுகுக்குப் பின்னால் போய், தோளில் தூசி தட்டுகிற மாதிரி தட்டிக்கொண்டே உச்சந்தலையில் மூக்கை வைத்து இழுத்தாள். இன்னொரு தடவை இழுத்தாள். கண் இருட்டிக்கொண்டு வரும்வரை இழுத்தாள். சுவரை முகர்ந்தாலும் அவளுக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

"எதுக்கும் நாளைக்கு மதுரைக்குப் போயி டாக்டரம்மாவப் பாத்துட்டு வருவோமா? சும்மாத்தான்," என்றாள்.

"எதுக்கு? காலையில நீதான மோந்து பாத்து ஒண்ணுமில்லன்ன?"

இதற்கு மேல் ஒளிவதற்கு இடமில்லை. புஷ்பலீலா அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அழுகை முந்திக்கொண்டு வந்தது, வார்த்தை பிந்தித்தான் வந்தது.

"அத்தான், எனக்கு மூக்கு போயி ரெண்டு வருசமாச்சு. ஒரு வாடையும் தெரியாது. உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன். தெனமும் சொன்னேன். உங்களக் கொன்னுட்டேன்."

ஞானதுரை ரசத்தைத் தானே எடுத்து ஊற்றிக்கொண்டார்.

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"மூக்கு போனது தெரியும். காய்ச்சல் விட்டு எந்திரிச்ச கையோட ஒரு சாள மீன் கொழம்பு வச்ச பாரு. ஊசிப்போயி அடுத்த தெரு வரைக்கும் நாறிச்சு. நீ அத எனக்கும் ஊத்திட்டு, நீயும் ரெண்டாவது வாட்டி ஊத்தித் தின்ன. நான் என் பங்க நைசா நாய்க்கு வச்சேன். அந்த நாய் என்னையப் பாத்த பார்வைய இன்னும் மறக்கல."

அவளுக்கு அழுகை நின்றுபோய்க் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான்.

"தெரிஞ்சுக்கிட்டா ரெண்டு வருசமா குனிஞ்சி நின்னீங்க? அப்ப உங்க தலைய யாரு பாத்தா? எவளையாவது வச்சிருக்கீங்களா?"

"வச்சிருக்கேன். அம்பது பேர வச்சிருக்கேன்," என்றார் அவர். "மழ வாடைய உப்பளத்துக்காரிய விட எவ சீக்கிரம் பிடிப்பா? வாடைய மறைச்சிரும்னுதான் எண்ணெய விட்டேன். காலையில காத்து வார பக்கமா வரப்புல ஏறி நிப்பேன். எவளும் பலகையக் கீழ போடலன்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம். பொறவு நிம்மதியா ஒரு டீக்குடிப்பேன்."

"அவளுவளுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா என்னையச் சுத்தி நின்னுல்லா மோந்து பாப்பாளுவ. அசிங்கமா இருக்கும்."

"வீட்ல எதுக்குக் குனிஞ்சீங்க? அதச் சொல்லுங்க."

ஞானதுரை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. "அது வேற," என்றார்.

"என்ன வேற?"

"நீ மூக்க வச்சி ஒண்ணுமில்லன்னு சொன்னாத்தான் எனக்கு விடிஞ்ச மாதிரி இருக்கும். மூக்கு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? நான் போயி சொல்லியிருந்தா, நீ நிப்பாட்டிருப்ப. அக்கா வந்து நின்னிருப்பா. எனக்கு அது வேண்டாம்."

இதைக் கேட்க அவள் எத்தனையோ வருஷம் காத்திருந்தாள், கேட்கிற நேரம் இப்படியா வந்து வாய்க்க வேண்டும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மூணு நாளா ஓடுதாவன்னா, திங்கக்கெழமையே சொல்றதுக்கென்ன?" என்று கேட்டாள்.

"மொத நாளு நெசமாவே எங்கியோ மழன்னு நெனச்சேன். ரெண்டாவது நாளு சோதிச்சுப் பாத்தேன். பொறவு பயமா இருந்துச்சு. நேராச் சொல்ல வாய் வரலளா. கூத்து மாதிரி சொன்னா வந்துருச்சு."

அதைச் சொன்ன பிறகு அவரால் சாப்பிட முடியவில்லை. புஷ்பலீலா தட்டை எடுத்து வைத்துவிட்டு, அவர் கையைத் தானே கழுவிவிட்டாள்.

மறுநாள் காரில் மதுரைக்குப் போனார்கள். விஷயம் தெரியாமல் ரத்னாபாயும் ஏறிக்கொண்டாள், மதுரையில் சேலை எடுக்க வேண்டுமாம். கோவில்பட்டி தாண்டியதும் ஜன்னலை இறக்கி, ஆசையாக மூச்சை இழுத்தாள்.

"வழியெல்லாம் நல்ல மழ போலுக்கே. என்ன ஒரு மண் வாசம்."

சாத்தூரில் இன்னொரு தடவை சொன்னாள். விருதுநகரில் காய்ந்து வெடித்துக் கிடந்த கண்மாயைப் பார்த்துக்கொண்டே மூன்றாவது தடவை சொல்ல வாயைத் திறந்தவள், பாதியில் மூடினாள். தம்பியின் தலையைப் பார்த்தாள். அதற்குப் பிறகு மதுரை வரும்வரை அவன் கையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

டாக்டர் மெஹருன்னிசாவுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டு, இடுப்புக்குச் சற்று மேலே ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டினார்.

"கடுகளவுகூட இல்ல. பதினோரு வருஷம் தாண்டி வந்ததுல இவ்வளவு சின்னதா நான் பார்த்ததே கிடையாது. வழக்கமா கால் மரத்துப்போய்த்தான் வருவாங்க. யார் கண்டுபிடிச்சது?"

"இவதான்," என்று ஞானதுரை புஷ்பலீலாவைக் காட்டினார்.

அவளால் பொறுக்க முடியவில்லை. காய்ச்சலில் தொடங்கி சாளைக் குழம்பு, நாய், பேச்சித்தாய் வரைக்கும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். திட்டப் போகிறார் என்றுதான் புஷ்பலீலா நினைத்தாள். ஆனால் அவர் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"முகர்நர் பேர மாத்தணும்," என்றார் சிரிப்பு அடங்கியதும். "ஒரு பேர்தான் போட முடியும். யார் பேரு?"

ரத்னாபாய் சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அவ பேரே இருக்கட்டும்," என்றார் ஞானதுரை.

"வாசனையே தெரியாத முகர்நரா?"

"மூக்கு அளத்துல இருக்கு டாக்டர். எனக்குத் தலை குனிய ஒரு ஆளு வேணும்லா."

டாக்டர் ரத்னாபாயைப் பார்த்தார். ரத்னாபாய் மூக்கை ஒரு தடவை உறிஞ்சிவிட்டு, "எம்பேரு எதுக்கு? எனக்கு இப்பல்லாம் சளி," என்றாள். அன்றைக்குத்தான் புஷ்பலீலாவுக்கு மயினியைப் பிடிக்க ஆரம்பித்தது.

"ஒரே ஒரு நிபந்தனை," என்றார் டாக்டர். "அளத்துல இருக்கறவங்களுக்கு விஷயத்தச் சொல்லிடணும். சிகிச்சை முடிஞ்சா இந்த வாசனை போயிடும். போனது திரும்பி வந்துச்சுன்னா, ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாம என்கிட்ட வரணும்."

"திரும்பி வந்தா?" என்று புஷ்பலீலா கேட்டாள்.

"வராதுன்னு நம்புவோம்," என்றார் டாக்டர். அதைச் சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மதுரையிலேயே தங்கி, தலைக்கும் முதுகுக்குமாகக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். ஞானதுரைக்கு முடியெல்லாம் உதிர்ந்து மண்டை பளபளவென்று ஆனது. மூக்கும் நாக்கும் மரத்துப்போய்ச் சோறு இறங்கவில்லை. தொப்பை கரைந்தது. ஊருக்குத் திரும்பி வந்த அன்று பேச்சித்தாயும் அவள் கூட்டத்தாரும் வீட்டுக்கு வந்தார்கள். புஷ்பலீலா எல்லாவற்றையும் சொன்னாள். பேச்சித்தாய்க்கு முதலில் ஆங்காரம்தான் வந்தது.

"மூணு நாளு அம்பாரத்த மூடித் தெறந்து எங்க இடுப்பு கழண்டுபோச்சு. அண்ணாச்சி தலைக்குள்ள மழையாம்லா. ரெண்டு வருசமா எங்களையப் பாக்க வரல, எங்க மூக்கப் பாக்கத்தான் வந்திருக்காவ."

திட்டி முடித்ததும், சேலைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து போய், நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சியின் மொட்டைத் தலையைக் குனிந்து முகர்ந்து பார்த்தாள். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் பார்த்தார்கள். ஞானதுரை கூச்சத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஊசி போடப் போகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"வாடை போயிருச்சுக்கா," என்றாள் பேச்சித்தாய்.

புஷ்பலீலா அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

வைகாசியில் ஒரு நாள் பிற்பகல். ஞானதுரை முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், புஷ்பலீலா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வேப்பமரத்து நிழலில் வானம் சரியாகத் தெரியாது. தெருவில் ஓட்டமும் மூச்சிரைப்புமாகச் சத்தம் கேட்டது. பேச்சித்தாய் முதலில் வந்தாள். அவள் பின்னால் அளத்து ஆட்கள் அத்தனை பேரும், காலில் உப்புச் சேறு காயாமல், வாசலில் வந்து நின்றார்கள். ஒருத்தர் முகத்திலும் ரத்தம் இல்லை.

"என்ன பேச்சித்தாய்?" என்று எழுந்தாள் புஷ்பலீலா.

பேச்சித்தாய் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பின்னால் நின்ற ஒருத்திதான் சொன்னாள். "வாடை வருதுக்கா. அண்ணாச்சி அளத்துக்கே வரல, ஆனா அங்க வரைக்கும் வருது. அம்புட்டு பலமா அடிக்கி. அதான் போட்டது போட்டபடி ஓடியாந்தோம்."

ஞானதுரையின் முகம் சாம்பலாகிவிட்டது. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தார். எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தார். "இம்புட்டுச் சீக்கிரமாவா," என்று மட்டும் சொன்னார்.

புஷ்பலீலா ஒரே எட்டில் அவரிடம் போய், தலையை இரண்டு கையாலும் பிடித்து, மூக்கை வைத்து இழுத்தாள். தெரியாது என்று தெரிந்தும் இழுத்தாள். "நீ பாரு, பேச்சித்தாய், நீ பாரு," என்று அவளை இழுத்து விட்டாள். பேச்சித்தாய் குனிந்து முகர்ந்தாள். நிமிர்ந்து முற்றத்தை முகர்ந்தாள். மறுபடி தலையை முகர்ந்தாள்.

"இங்கயும் அடிக்கி. அங்கயும் அடிக்கி. எங்கன பாத்தாலும் அடிக்கிக்கா, எனக்கு ஒண்ணும் வெளங்கல," என்று அழுதாள்.

அப்போது புஷ்பலீலா ஒன்றைப் பார்த்தாள். அவருடைய மொட்டை மண்டையின் நடு உச்சியில் ஒரு சொட்டு நீர் இருந்தது. கண்ணீர் இவ்வளவு மேலே வராது. விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. பக்கத்தில் இன்னொரு சொட்டு வந்து விழுந்து உடைந்தது. அண்ணாந்தாள். வேப்பமரத்துக்கு மேலே வானம் கருகருவென்று இருந்தது.

"ஏ கூறுகெட்டவளே, மழைடி," என்றாள். "நெசமான மழை."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அடுத்த நிமிஷம் கொட்டு கொட்டென்று கொட்டியது. உப்பளத்தில் பிறந்து வளர்ந்து, மேகம் திரளும் முன்பே மழையைச் சொல்கிறவர்கள், அன்றைக்கு வானத்தை ஒரு தடவைகூடப் பார்க்காமல் ஓடி வந்திருக்கிறார்கள். பேச்சித்தாய்க்குத்தான் முதலில் நினைவு வந்தது.

"ஐயோ, அம்பாரம். ஒண்ணையும் மூடலியே. அம்புட்டும் தெறந்து கெடக்கே," என்று தலையில் அடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினாள்.

"விடு பேச்சித்தாய்," என்றார் ஞானதுரை. "கரைஞ்சா கரையட்டும். எங்கயும் போகாதீங்க, நில்லுங்க."

அவர் நாற்காலியை விட்டு எழுந்து, மெலிந்துபோன தன் இரண்டு காலில் நடந்து முற்றத்து நடுவில் வந்து நின்றார். ஊரே மழைக்கு ஜெபம் பண்ணும்போது கண்ணைத் திறந்து வைத்திருந்த மனுஷன், இப்போது கண்ணை மூடி மழைக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து அழுதவர்களும் சிரித்தார்கள். ஒரு மாசத்து உப்பு அந்நேரம் கரைந்து கடலுக்கே போய்க்கொண்டிருந்தது.

"ஏளா," என்று கூப்பிட்டார்.

புஷ்பலீலா நனைந்துகொண்டே பக்கத்தில் போனாள். அத்தனை பேருக்கும் முன்னால், தண்ணீர் வழிகிற மொட்டைத் தலையை ஞானதுரை அவளுக்குக் குனிந்து காட்டினார். அவள் மூக்கை வைத்து, வழக்கம்போல நீளமாக ஒரு இழுப்பு இழுத்தாள்.

"ஒண்ணுமில்ல," என்றாள்.

"சரி," என்றார் அவர். ஆனால் அன்றைக்குத் தலையை நிமிர்த்தவில்லை.